கொரங்காட்டை உழுது தென்னை வைத்த கதை

எங்கள் தோட்டத்தின் தெற்குப் பக்கம் நடந்தால் இன்றைக்கும் வரிசையாகப் பள்ளங்கள் தெரியும். பொக்லைன் வைத்துத் தென்னை வேர்க்கட்டைகளைப் பிடுங்கிய இடங்கள். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், ஆட்டுக்குட்டிகள் போய்க் குடிக்கும். மொத்தம் 163 பள்ளம். எண்ணியது நான்தான், 2017 கோடையில், ஒரு நோட்டில் வரிசை வாரியாகக் கோடு போட்டு எண்ணினேன். அப்போது எதற்காக எண்ணினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நிவாரணத்துக்கு மனு எழுத என்று அப்பாவிடம் சொன்னேன், நிவாரணம் மரக்கணக்கில் வராது, ஏக்கர் கணக்கில்தான் வரும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஊர் திருப்பூர் மாவட்டத்தில், காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில். வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் வருவதுதான். தென்மேற்கில் வரும் மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டு, எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறும் காற்றை அனுப்பிவிடும். அந்தக் காற்றை நம்பித்தான் இன்று தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. காற்றாலைக்கு நல்ல ஊர், பயிருக்கு அப்படி இல்லை. பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் பக்கத்தில் போகிறது, ஆனால் அது நாலு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் தண்ணீர், அதுவும் நாங்கள் இருப்பது கடைமடைப் பக்கம். வரும்போது வரும்.

இப்படிப்பட்ட ஊரில் ஆட்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டால், பதில் கொரங்காடு. மற்ற மாவட்டத்து நண்பர்களிடம் இந்த வார்த்தையைச் சொன்னால் குரங்கு இருக்கும் காடா என்பார்கள். அது மேய்ச்சல் காடு. நாலைந்து ஏக்கர் அளவில், சுற்றிலும் கிளுவை முள் வேலி, உள்ளே தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். புறம்போக்கு கிடையாது, பட்டா நிலம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமானது. வெளியூர்க்காரர் பஸ்ஸில் போகும்போது பார்த்தால் தரிசு கிடக்கிறது என்றுதான் நினைப்பார். கொஞ்ச நாள் நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

அதில் ஒவ்வொன்றும் வறட்சிக்கென்றே பொறுக்கி எடுத்த மாதிரி இருக்கும். கிளுவைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும், நெருக்கமாக வளர்ந்து காற்றையும் தடுக்கும், ஆட்டையும் தடுக்கும். கொழுக்கட்டைப் புல் எட்டு மாதம் காய்ந்து சருகாகக் கிடந்தாலும் வேர் சாகாது, ஒரு உழவு மழை (நிலத்தை உழும் அளவுக்கு நனைக்கும் மழை) விழுந்தால் ஒரு வாரத்தில் தரை பச்சையாகிவிடும். வெள்வேல மரத்தின் காய், வேறு எதுவும் கிடைக்காத கோடையில் உதிரும், ஆடுகள் மரத்தடியிலேயே போட்டி போட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் காயைத் தின்ற ஆட்டுப் புழுக்கையிலிருந்தே அடுத்த மரம் முளைக்கும். காங்கேயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த மாடுதான். அப்பாரு (அப்பாவின் அப்பா) காலத்தில் மழை பெய்ததும் படலைச் சாத்திவிடுவாராம். புல் பூத்து விதை உதிரும் வரைக்கும் ஆட்டை உள்ளே விட மாட்டார். ஆறேழு வருடத்துக்கு ஒரு தடவை உழுது, சோளமோ கொள்ளோ ஒரு போகம் எடுத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விட்டுவிடுவார். அப்புறம் மேட்டாங்காட்டில் சோளம், கம்பு, நரிப்பயறு. சோளத்தட்டுப் போர் இரண்டு வருடத்துக்குக் காணும் அளவுக்கு இருக்கும். போன வருடத்துப் போர் தீராமல் இந்த வருடத்துப் போர் போட்டால்தான் அந்த வீடு பண்ணையம் பார்க்கும் வீடு என்று பேர். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட முதலில் போரைத்தான் பார்ப்பார்கள் என்று அப்பத்தா சொல்லும்.

சரி, அந்தக் கொரங்காட்டில் நாலு ஏக்கரை 1997-ல் அப்பா உழுதார். 25 அடிக்கு 25 அடி, ஏக்கருக்கு 70 மரம், 280 தென்னை. அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தச் சமயத்தில் புத்தியுள்ள ஆள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். காங்கேயம் வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களமும் எண்ணெய் மில்லும் ஊருக்கு ஊர் வந்துகொண்டிருந்தன, காய் எவ்வளவு இருந்தாலும் வாங்க ஆள் உண்டு. போர்வெல் போட்டால் 300 அடியில் தண்ணீர். விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். ஆடு மேய்க்க ஆள் கிடைக்கவில்லை, பையன்களெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தென்னைக்கு மேய்ப்பவன் வேண்டாம், நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு வெட்டு, பணம். என் காலேஜ் பீஸ், அக்கா கல்யாணம் இரண்டும் அந்த மரத்திலிருந்து வந்ததுதான். அப்பாரு மட்டும், "வானத்தப் பாத்து நடல, மோட்டாரப் பாத்து நட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கிழவர்கள் எதற்கும் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள்.

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது ரொம்பப் பின்னால், எல்லாம் முடிந்த பிறகு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. 600 மில்லிமீட்டர் என்றால் வருடத்துக்கு 24 லட்சம் லிட்டர். ஒரு தென்னைக்கு நாளைக்கு 80 லிட்டர் என்று வைத்தால், 70 மரத்துக்கு ஒரு வருடத்துக்கு 20 லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. அதாவது என் ஏக்கரில் விழும் மழையில் ஒரு சொட்டு ஓடாமல், ஆவியாகாமல், புல் பூண்டு குடிக்காமல் அப்படியே பிடித்துத் தென்னை வேரில் ஊற்றினால், நல்ல மழை வருடத்தில் மட்டும் ஏதோ சரிக்கட்டலாம். அப்படி எங்கேயும் நடக்காது. பெய்ததில் பாதிக்கு மேல் வெயிலுக்கே போய்விடும். மிச்சத்தை யார் கொடுத்தார்கள்? கீழே பாறை இடுக்கில் எத்தனையோ காலமாகச் சேர்ந்து கிடந்த தண்ணீர் கொடுத்தது. எங்கள் ஊர் கீழே முழுக்கக் கெட்டிப் பாறை, மணல் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்காது, வெடிப்பு இருக்கும் இடத்தில் மட்டும்தான் தண்ணீர், ஆழம் போகப் போக வெடிப்பும் குறைந்துவிடும். இருபது வருடம் நாங்கள் மழையில் விவசாயம் செய்யவில்லை, சேமிப்பை எடுத்துத் தின்றுகொண்டிருந்தோம். பாஸ்புக் மட்டும் யாரிடமும் இல்லை.

2016-ல் ஆடியும் போனது, ஐப்பசியும் போனது. கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை என்று சொலவடை, அந்த வருடம் கார்த்திகையிலேயே மழை இல்லை. மாநிலம் முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது நாங்கள் டிவியில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பொறாமையாகக்கூட இருந்தது, சொல்லக் கூடாதுதான். 2017 ஜனவரி 10-ம் தேதி எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்த மாவட்டமாக அரசு அறிவித்தது.

நாங்கள் செய்த தப்பு எல்லாம் அந்த நாலைந்து மாதத்தில் செய்ததுதான். புரட்டாசியிலேயே கிணறு வற்றிவிட்டது, போரில் மோட்டார் இருபது நிமிடம் ஓடினால் காற்று வாங்கிவிடும். அப்போதே உட்கார்ந்து, எத்தனை மரத்தைக் காப்பாற்ற முடியும், எத்தனை மாட்டை விற்கலாம் என்று பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. மழை வந்துவிடும் என்று இருந்தோம். தீபாவளிக்கு வரும், கார்த்திகைத் தீபத்துக்கு வரும் என்று தள்ளிக்கொண்டே போனோம். வறட்சியில் ரொம்ப மோசம் இதுதான். வெள்ளம் என்றால் ஒரே ராத்திரியில் வந்து கதவைத் தட்டிவிடும், வறட்சி வந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ளவே நாலு மாதம் ஆகிறது.

மார்கழியில் புது போர் போடுவதென்று முடிவு. நீரோட்டம் பார்ப்பவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பார், தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். வடமேற்கு மூலையில் நின்றது. தென்னையைக் காப்பாற்ற ஒரு தேங்காய் வழி சொல்கிறது என்று நானே ஒரு ஜோக் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராத்திரி எட்டு மணிக்கு வந்தது. அப்போது மாவட்டம் முழுக்க ரிக்குக்கு வரிசை, கிடைத்த நேரத்தில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பூஜை போட்டு ஆரம்பித்தார்கள். 400 அடியில் கொஞ்சம் ஈரம் தெரிந்தது, தூள் அடை அடையாக வந்தது, அப்பா எழுந்து நின்றுவிட்டார். அதற்கப்புறம் மறுபடியும் வெறும் தூள். 700 அடி. 900 அடி. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் ஓட்டுகிறவர் அப்பாவைப் பார்ப்பார், அப்பா கையை ஆட்டுவார், இறக்கு. அடிக் கணக்கில்தான் காசு. விடியும் நேரம் 1,140 அடி. வண்டியைச் சுற்றி, கொட்டகை மேல், எங்கள் தலை மேல் எல்லாம் வெள்ளைச் சாம்பல் மாதிரி கல்தூள். அம்மா டீ கொண்டு வந்தபோது யாரு யார் என்றே தெரியவில்லை என்றது. ஓட்டுகிறவர் மெஷினை நிறுத்திவிட்டு, "போதுங்கண்ணா, இதுக்கு மேல உங்க காச வாங்க எனக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றார். அந்த ஆள் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, அந்தச் சொல் ஞாபகம் இருக்கிறது. நகையை வைத்து வாங்கிய பணம் அது.

மாசியில்தான் அப்பா சுண்ணாம்புச் சட்டியை எடுத்தார். பழைய போரில் வரும் தண்ணீர் நூறு மரத்துக்கு, அதுவும் ஒன்று விட்டு ஒரு நாள் நாற்பது லிட்டர் என்றால்தான் காணும். பிழைக்க வைக்கும் மரத்துக்குச் சுண்ணாம்பில் ஒரு வளையம். வயசு, குருத்து நேராக நிற்கிறதா, மட்டை எத்தனை தொங்குகிறது, இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டார். மட்டை தண்டோடு ஒட்டித் தொங்கிவிட்டால் அதை விட்டுவிட வேண்டும், குரும்பை கொட்டுவது மட்டும் என்றால் பிழைக்கும். மூன்று வரிசை போட்டவர் சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சத்தை நான் போட்டேன். மொத்தம் 116 மரத்துக்கு வளையம். கிணற்று மேட்டில் வளையம் போடாத ஒரு மரத்தடியில் மட்டும் தினமும் காலையில் மண் ஈரமாக இருக்கும். யார் ஊற்றுகிறார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மரம் இன்னும் நிற்கிறது, காய்ப்பு மட்டும் சுமார்தான்.

சுண்ணாம்பு போட்ட மரத்துக்குச் செய்த வைத்தியத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவலாம். கீழே தொங்கிய பழைய மட்டைகளை எல்லாம் வெட்டினோம், மரம் அதற்கும் சேர்த்துத் தண்ணீர் இழுக்க வேண்டாம் என்று. மரத்திலிருந்து ஐந்தடி தள்ளி வட்டமாக ஒரு அடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் பறித்து, மரத்துக்கு நூறு உரிமட்டை வீதம், குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்கிற மாதிரி அடுக்கி மண்ணைப் போட்டு மூடினோம். தேங்காய் மட்டை தன் எடையைப் போல மூன்றிலிருந்து ஐந்து மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வேளாண் பல்கலைக்கழகம் எத்தனையோ வருடமாகச் சொல்வதுதான், புதுசு ஒன்றும் கிடையாது. நாங்கள்தான் மட்டையை வருடா வருடம் நார் மில்லுக்கு லோடு ஏற்றி விற்றுவிட்டு, வறட்சி வந்ததும் அதே மட்டையைக் காசு கொடுத்து வாங்கினோம். வெட்டிய ஓலையை மரத்தடியில் மூடாக்காகப் போட்டோம். சொட்டுநீர்க் குழாயை ஓலைக்கு அடியில் விட்டோம். கடைசி இரண்டு மாதம் தண்ணீர் லாரி. இதில் ஒன்றைக்கூட வறட்சி வந்த பிறகு செய்யக் கூடாது, மட்டையை நல்ல மழைக் காலத்துக்கு முன்னால் புதைத்தால்தான் மழைத் தண்ணீரைப் பிடிக்கும். காய்ந்த மண்ணில் காய்ந்த மட்டையைப் புதைத்து, அதற்கு லாரித் தண்ணீர் ஊற்றினோம் நாங்கள்.

மாடுகளைச் சித்திரையில் கண்ணபுரம் சந்தைக்குக் கொண்டு போனோம். மாரியம்மன் கோயில் தேரையொட்டிக் கூடுகிற பெரிய மாட்டுச் சந்தை, நல்ல வருடத்தில் காங்கேயம் காளை ஜோடி என்ன விலைக்குப் போகும் என்று கேட்டால் மயக்கம் வரும். அந்த வருடம் எல்லாரும் விற்க வந்திருந்தார்கள், வாங்க ஆள் இல்லை. ஆறு மாதம் முன்னால் விற்றிருந்தால் பாதி நஷ்டம்தான். அதுவரை அவற்றுக்குப் போட்ட தீவனச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கணக்கை நான் இதுவரை அப்பாவுக்குக் காட்டவில்லை. பக்கத்துக் காட்டுச் சித்தப்பாவுக்கு வேறு மாதிரி அடி. புரட்டாசியில் விதைத்த சோளம் முழங்கால் உயரத்தில் வாடி நின்றது, எப்படியும் கருதுக்கு வராது, மாடாவது தின்னட்டும் என்று அவிழ்த்து விட்டார். வாடிய இளம் சோளத்தில் விஷம் ஏறியிருக்கும், சயனைடு வகை. ஒரு கிடாரி அங்கேயே விழுந்துவிட்டது, இன்னொன்று டாக்டர் ஊசி போட்டுப் பிழைத்தது. பூக்கிற வரைக்கும் விட வேண்டும், இல்லை அறுத்து நன்றாகக் காய வைத்துப் போட வேண்டும். பழைய ஆட்களுக்கு இது தெரியும், அவருக்கும் தெரியும். கையில் தீவனம் இல்லாதபோது தெரிந்தது எல்லாம் மறந்துவிடும்.

நிவாரணம் வந்தது. பல்லாண்டுப் பயிருக்கு ஏக்கருக்கு 7,287 ரூபாய். எழுபது மரத்தால் வகுத்தால் மரத்துக்கு 104. அந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தும் கூலிக்கே காணாது. ஆனால் எனக்கு அதைவிட எரிச்சல் வேறொன்றில். தென்னைக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடு ஒன்று உண்டு. அப்போது 16 வயது முதல் 60 வயது வரையான மரத்துக்கு வருடத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய், அதில் பாதியை வாரியமும் கால்வாசியை மாநில அரசும் கட்டிவிடும், நாம் கட்ட வேண்டியிருந்தது மூன்றரை ரூபாய். மரம் செத்தால் 1,750 ரூபாய், கடும் வறட்சியும் அதில் அடக்கம். எங்கள் 280 மரத்துக்கும் சேர்த்து 980 ரூபாய். ஒரு நாள் தேங்காய் வெட்டுக்கு வந்த ஆட்களுக்கு டீ, வடை, கூலி என்று அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறோம். இப்படி ஒன்று இருப்பதே மரம் செத்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். யாரும் வந்து சொல்லவில்லை என்பது உண்மை. நாங்களும் போய்க் கேட்கவில்லை.

2017 ஆவணியில் மழை வந்தது, புரட்டாசியிலும் பெய்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். தென்னை அப்படி விடாது. பாளை உள்ளே கருவாகி, வெளியே வந்து விரிந்து, காய் முற்றி விழும் வரைக்கும் கிட்டத்தட்ட 44 மாதம். அதனால் 2017 கோடையில் மரம் பட்ட பட்டினி 2018-லும் அதற்கடுத்த வருடமும் குலையில் தெரிந்தது. சுற்றிலும் பச்சை, கிணற்றில் தண்ணீர், மரத்தில் மட்டும் பத்துக் காய். வங்கியில் போய், வறட்சி முடிந்துவிட்டதே, தவணையைக் கட்டுங்கள் என்றால் என்ன சொல்வது?

இப்போதைக்கு வருகிறேன். செத்த மரம் நின்ற இரண்டேகால் ஏக்கருக்கு மறுபடி தென்னை வைக்கவில்லை. கொரங்காடாக மாற்றுகிறேன் என்றேன், அப்பா ஒன்றும் பேசவில்லை, அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் கொரங்காடு உண்டாக்குவது நினைத்த மாதிரி சுலபம் இல்லை. முதல் வருடம் பக்கத்துக் காட்டில் புது விதையாகப் பார்த்து உருவி வந்து, மண்ணில் கலந்து (கலக்காவிட்டால் பஞ்சு மாதிரி காற்றில் போய்விடும்) விதைத்தேன், நூற்றுக்குப் பத்துக்கூட முளைக்கவில்லை. விதை சரியில்லை, மண் சரியில்லை, என் ராசி சரியில்லை என்று எல்லாம் யோசித்தேன். ஆடு மேய்க்கிற ஒரு ஆத்தா பார்த்துவிட்டு, "பச்ச வெதயப் போட்டா எப்பிடி சாமி மொளைக்கும், அது ஒரு வருசம் மூட்டையில தூங்கோணுமல்லோ" என்றது. அப்புறம் படித்துப் பார்த்தால் விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது, கொழுக்கட்டைப் புல் விதைக்கு ஆறு மாதத்துக்கு மேல் உறக்கக் காலம் உண்டு. இரண்டாம் வருடம் பழைய விதை, கூடவே நரிப்பயறு. வந்தது. இப்போது 22 மேச்சேரி ஆடு.

மேட்டுப் பக்கத்திலிருந்து வழிந்து வரும் தண்ணீருக்கு ஒரு பண்ணைக்குட்டை வெட்டினோம். அதில் வருடத்தில் மூன்று மாதம் தண்ணீர் நின்றாலே பெரிய விஷயம், ஆனால் அந்த மூன்று மாதமும் பக்கத்துக் கிணறு ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மழைமானி வாங்கி வைத்திருக்கிறேன். அப்பா இன்னும் ஒரு உழவு, இரண்டு உழவு என்றுதான் சொல்வார், நான் மில்லிமீட்டர் எழுதுவேன், இரண்டையும் ஒரே நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறோம். மாதம் ஒரு தடவை கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்து அதையும் எழுதுகிறேன். இதில் எனக்கு உண்மையாக உதவுவது அந்த எண்களை வைத்து முன்கூட்டியே பேசி வைத்திருக்கும் இரண்டு தேதிதான். புரட்டாசிக் கடைசியில் கிணறு இத்தனை அடிக்குக் கீழே இருந்தால் கிடாக்குட்டிகளை விற்றுவிடுவது. கார்த்திகைக் கடைசியில் மழை 200 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை என்றால் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துவிடுவது, மாசி வரை காத்திருப்பது கிடையாது. இரண்டு வருடம் குட்டியை விற்ற அடுத்த வாரமே மழை கொட்டியது. அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பரவாயில்லை, குட்டி அடுத்த ஈற்றில் வரும்.

கொரங்காட்டைப் பெரிய தீர்வு மாதிரி எழுதினால் அது பொய். ஏக்கருக்கு அதில் வரும் வருமானம் தென்னையில் வருவதில் கால்வாசிகூட இல்லை. மேய்க்க ஆள் இல்லாத குறை அப்படியேதான் இருக்கிறது, நான் வேலி போட்டு, தடுப்பு பிரித்து, மாற்றி மாற்றி அடைத்துச் சமாளிக்கிறேன். கொஞ்ச வருடமாக எங்கள் பக்கம் வெறிநாய்த் தொல்லை. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் பட்டியில் அடைத்த ஆடுகளை ராத்திரியில் நாய்க்கூட்டம் கடித்துக் கொன்றுபோட்டு, செத்த ஆட்டை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்த செய்தியெல்லாம் படித்திருப்பீர்கள். எங்கள் பட்டியிலும் ஒரு ராத்திரி நாலு ஆடு போனது. வறட்சியைத் தாங்கும் பண்ணையத்துக்கு இந்த மாதிரி வேறு எதிரிகள். நிலம் வாங்க வருகிறவர்கள் கொரங்காட்டைப் பார்த்ததும் சைட் போடலாமே என்கிறார்கள். இருந்தாலும் நான் அதை வருமானக் கணக்கில் எழுதுவதில்லை. மிச்சமிருக்கும் தென்னைக்கு எப்போதாவது தண்ணீர் இல்லாமல் போகும் வருடத்தில் வீட்டுச் செலவுக்கு எது கை கொடுக்கும் என்ற கணக்கில் எழுதுகிறேன். அந்தக் கணக்கில் பார்த்தால் புல்லை ஜெயிக்க எதுவும் இல்லை.

2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. வெள்ளை ஈ, வாடல் நோய், முந்தைய வருடத்து வெயில் எல்லாம் சேர்ந்து காய் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம், காய் இல்லாததால்தான் விலை. ஆனால் விலையைப் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. போன மாதம் மச்சான் வந்தார், மூலனூர் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர் கொரங்காடு. பொக்லைன் பேசிவிட்டாராம், 200 கன்று சொல்லி வைத்திருக்கிறாராம். நான் 24 லட்சம் லிட்டர் கணக்கைச் சொன்னேன், 44 மாதம் சொன்னேன், 1,140 அடி அவருக்கே தெரியும், அன்றைக்கு ராத்திரி எங்களோடு உட்கார்ந்திருந்த ஆள்தான் அவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றதெல்லாம் சரிதானுங்க மாப்ள. இப்ப நட்டா புள்ள காலேஜ் போற நேரத்துக்குக் காய்க்குமல்லங்க?"

காய்க்கும். அதை இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு ஏக்கரையாவது புல்லுக்கு விட்டு வையுங்கள், மட்டையை விற்காதீர்கள், காப்பீடு போடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். போகும்போது எங்கள் கொட்டகையில் சும்மா கிடந்த சொட்டுநீர் ஃபில்டரைக் கேட்டார். அப்பா எழுந்து போய் அதைத் துடைத்து, கூடவே இரண்டு கட்டு பழைய குழாயையும் அவர் வண்டியில் ஏற்றிவிட்டு வந்தார்.